வளர்கிற பிள்ளைதானே என்று ஹெல்மெட்டைப் பெரிதாக வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் ஜனவரியில் என் மகனுக்கு ஒரு கிரிக்கெட் ஹெல்மெட் வாங்கினேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. சட்டையைத் தோள் இறங்கவும், பாவாடையை இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைத்தும் பழகிய தூத்துக்குடிக் கை என்னுடையது. ஹெல்மெட்டையும் அப்படியே வாங்கியது. வளர்கிற பிள்ளை, இரண்டு வருடமாவது உழைக்கட்டும் என்ற கணக்கு. முதல் ஆட்டத்தில் முதல் பந்துக்கு அவன் குனிந்தபோது ஹெல்மெட் மூக்குவரை இறங்கிவிட்டது. பந்து எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. விக்கெட் கீப்பருக்குத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் ஹெல்மெட்டைத் தொடவே மறுத்தான்.

அதை அடம் என்று நினைத்தேன். அந்தப் பருவம் முழுக்கத் திட்டினேன், கெஞ்சினேன், ஐஸ்கிரீம் லஞ்சமும் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அளவான ஹெல்மெட் ஒன்றை அவனே கடையில் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இல்லை. பாதுகாப்புக் கவசத்தைப் பிள்ளைகள் சும்மா மறுப்பதில்லை. அது உறுத்துகிறது, நழுவுகிறது, நாறுகிறது, அல்லது அதைப் போட்டால் தான் மட்டும் தனியாகத் தெரிவோம் என்று பயப்படுகிறார்கள். எது என்று கண்டுபிடிப்பதுதான் பெற்றோரின் வேலை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு விளையாட்டுச் சாமான் பட்டியல் ஒன்றைப் பார்த்து விழிக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக.

முதலில் நாட்காட்டியும் பட்டியலும்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நான்கு டெர்ம். பெரும்பாலான பள்ளிகளில் முதல் டெர்மிலும் நான்காம் டெர்மிலும் கிரிக்கெட், நீச்சல், டென்னிஸ் போன்ற கோடை விளையாட்டுகள். இடையில் வரும் இரண்டு டெர்மிலும் ரக்பி, ஹாக்கி, கால்பந்து, நெட்பால். மழை பெய்தால் பி.டி. வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திய பள்ளியில் படித்தவர்கள் நாம். இங்கே பல பள்ளிகளில் விளையாட்டு அப்படிப்பட்ட இட்டுநிரப்பல் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி, சனிக்கிழமை காலையில் வேறு பள்ளியோடு ஆட்டம், பெற்றோர் மடக்கு நாற்காலியோடு வந்து உட்காருவது என்று அது ஒரு தனி வாழ்க்கை.

எனவே பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பள்ளியிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எது கட்டாயம், எதைப் பள்ளியே தரும், எதை நாம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியின் விதியும் வேறு. சில பள்ளிகளில் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ரக்பி ஆடுவார்கள். அதைப் பார்த்து நான் முதலில் பதறிப்போனேன். யாரும் மறந்துபோய் வரவில்லை, அது இங்குள்ள வழக்கம். புல்தரையில் எல்லாப் பிள்ளைக்கும் வெறுங்கால் என்றால் யார் காலையும் யார் பூட்சும் மிதிக்காது.

பட்டியலில் வரும் சொற்களும் கொஞ்சம் குழப்பும். பல்லுக்குப் போடும் கவசத்தை இங்கே கம் கார்ட் என்பார்கள். டாக்கீஸ் என்றால் சினிமாக் கொட்டகை அல்ல, கேன்வாஸ் ஷூ. நம் ஊர் மைதானத்தில் வெறுமனே கார்டு என்று குசுகுசுத்த இடுப்புக் கவசத்துக்கு இங்கே பாக்ஸ் என்று பெயர். ரக்பியில் தலைக்கு மாட்டும் மெத்தென்ற தொப்பி ஸ்க்ரம் கேப். நெட்பாலுக்குக் கவசமே தேவையில்லை, நகம் வெட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த நகத்தை நடுவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு பார்ப்பார்.

அளவு எடுக்கும் நாள்

பிள்ளையில்லாமல் கடைக்குப் போகாதீர்கள். தையல்காரரின் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் ஹெல்மெட்டுக்குப் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். மாட்டியதும் வார் பூட்டாமல் தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். தலையோடு சேர்ந்து ஹெல்மெட்டும் திரும்பினால் சரி; தலை மட்டும் திரும்பி ஹெல்மெட் அங்கேயே நின்றால் பெரிது. பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. முன்தட்டுக்கும் கம்பிக் கூண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. வளர்ந்த ஆண்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம் எடை. 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் பந்து 133 முதல் 144 கிராம், உருவத்திலும் சிறியது. பெரியவர் பந்தைத் தடுக்கும் இடைவெளி வழியே சின்னப் பந்து உள்ளே நுழைந்துவிடக்கூடும். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் பி.எஸ். 7928:2013 என்ற தர எண் இருக்கிறதா, ஜூனியர் பந்துக்குச் சோதிக்கப்பட்டதா என்று படித்துப் பாருங்கள். அப்பாவின் பழைய ஹெல்மெட்டைப் பிள்ளைக்குத் தரக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால் பேடில் முழங்கால் சரியாக நடு உருளையில் உட்கார வேண்டும். மேலே ஏறினால் ஓடும்போது தொடையில் இடிக்கும், கீழே இறங்கினால் முட்டி வெளியே. கிளவுஸில் விரல் நுனிக்கு மேல் காலியிடம் இருந்தால் மட்டை கையில் சுழலும். கால்பந்து, ஹாக்கி இரண்டுக்கும் ஷின் பேடு உண்டு. கணுக்கால் மடிப்புக்குச் சற்று மேலே தொடங்கி முட்டிக்கு மூன்று விரல் கீழே முடிய வேண்டும். கால்பந்து விதியிலேயே அது கட்டாயம், காலுறைக்குள் மறைந்தும் இருக்க வேண்டும். ஹாக்கிப் பந்து கிரிக்கெட் பந்தின் எடைதான், ஆனால் அது தரையோடு வந்து கணுக்காலைத் தேடும். எனவே கணுக்கால் மொட்டையும் மறைகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பாக்ஸ் பற்றி எந்தத் தாயும் பேச மாட்டாள், எந்தத் தகப்பனும் வாய் திறக்க மாட்டான். பிள்ளை முதல் அடியை வாங்கிய பிறகுதான் வீட்டில் பேச்சு எழும். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எட்டு ஒன்பது வயதிலேயே அப்பாவோ மாமாவோ தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அதை வைப்பதற்கென்றே பை தைத்த உள்ளாடை கிடைக்கிறது. சாதாரண ஜட்டிக்குள் செருகினால் இரண்டாவது ஓட்டத்தில் அது முழங்காலுக்குப் போகும். நடுப்பிட்சில் நின்று அதை இழுத்துவிட நேர்ந்த பிள்ளை மறுபடி போடமாட்டான். பெண் பிள்ளைகளுக்கும் இடுப்புக் கவசமும் மார்புக் கவசமும் தனி வடிவில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

செலவு கையைக் கடிக்கும்தான். பல பள்ளிகளில் பழைய சாமான் விற்கும் ஸ்வாப் ஷாப் நடத்துகிறார்கள். பேடு, ஷின் பேடு, பூட்ஸ் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். ஹெல்மெட்டும் கம் கார்டும் மட்டும் புதிதாக இருக்கட்டும். அடிபட்ட ஹெல்மெட்டின் உள் நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. நான் வாங்கிய அந்தப் பெரிய ஹெல்மெட் கொல்லைப்புறத்தில் துணிக் கிளிப் போடும் கூடையாகிவிட்டது. அந்த வேலைக்கு அளவு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நிறம், ஸ்டிக்கர், வார் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். தரத்தையும் அளவையும் மட்டும் நீங்கள் பாருங்கள். பச்சை நிறம் கண்ணைக் குத்தினாலும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எண்ணெய், சடை, மொட்டை, கயிறு

இந்தப் பகுதியைப் பள்ளி அனுப்பும் கடிதத்தில் பார்க்க முடியாது.

ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது நம் வழக்கம். இங்கே சனிக்கிழமைதான் ஆட்டம். நல்லெண்ணெய் ஊறிய தலையில் ஹெல்மெட் நிற்காது, வழியும் வியர்வையோடு எண்ணெயும் கண்ணில் இறங்கும். எண்ணெயை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். மாமியார் தொலைபேசியில் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினார்.

பெண் பிள்ளைக்கு உச்சியில் கொண்டையோ தூக்கிக் கட்டிய குதிரைவாலோ இருந்தால் ஹெல்மெட் முன்னால் சாய்ந்து கண்ணை மறைக்கும். பின்கழுத்தோடு ஒட்டிய தாழ்ந்த ஒற்றைச் சடை, அல்லது காதுக்குப் பின்னால் தட்டையாக இரட்டைச் சடை போடுங்கள். கிளிப்பு, ஹேர்பின் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

தைப்பூசம் கிரிக்கெட் பருவத்தின் நடுவில் வருகிறது. உம்கெனி சாலைக் கோயிலிலோ உங்கள் பகுதிக் கோயிலிலோ பிள்ளைக்கு மொட்டை போட்டால், திங்கட்கிழமை பயிற்சிக்கு முன் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிப் பாருங்கள். அடர்ந்த முடி போன தலைக்கு அதே ஹெல்மெட் தொளதொளவென்று ஆடும். உள்ளே ஒட்டும் கூடுதல் பஞ்சுத் துண்டுகள் ஹெல்மெட்டோடு வந்திருந்தால் அவற்றை ஒட்டுங்கள். முடி வளரும்போது எடுத்துவிடலாம்.

காதுத் தோடு, மூக்குத்தி, கொலுசு, வெள்ளி அரைஞாண், கழுத்துச் சங்கிலி எதற்கும் மைதானத்தில் இடமில்லை. கால்பந்து விதி நகையை ஒட்டுநாடாவால் மூடுவதையும் ஏற்பதில்லை; கழற்றத்தான் வேண்டும். காது குத்திய புண் ஆறும் காலத்தையும் ஆட்டப் பருவத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விரதக் காப்பு கட்டியிருந்தால் அதைக் கழற்றச் சொல்லிப் பிள்ளையை நடுவர் முன்னால் அழவிடாதீர்கள். முந்தைய வாரமே கோச்சிடம் சொல்லிவிட்டு, காப்பு அவிழும்வரை ஆட்டத்தை விட்டுவிடலாம். அப்படிச் சொன்னால் இந்த ஊர்க் கோச்சுகளுக்குப் புரியும். காவடியை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஊர் இது.

கம் கார்ட்: ஒரு மாலை வேலை

மூன்று வகை உண்டு. அப்படியே வாயில் போடுவது ஒன்று. அதை வாங்கவே வாங்காதீர்கள், கடித்துப் பிடித்தால்தான் நிற்கும். சுடுநீரில் இளக்கிக் கடித்து வடிவம் எடுப்பது இரண்டாவது. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது மூன்றாவது. பொருத்தத்தில் இதுவே சிறந்தது, விலையும் அதிகம். பல் விழுந்து முளைக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் இரண்டாவது வகைதான். பல்லில் கம்பி கட்டியிருந்தால் மட்டும் கட்டிய மருத்துவரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். பெட்டியில் எத்தனை நொடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை நொடி மட்டும் கம் கார்டை அதில் விடுங்கள். கரண்டியால் எடுத்துச் சற்று நேரம் குளிர்நீரில் காட்டி, உதட்டைச் சுடாது என்று உங்கள் கையில் தொட்டுப் பார்த்தபின் மேல்வரிசைப் பல்லில் பொருத்துங்கள். அழுத்திக் கடித்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் வெளியிலிருந்து உதட்டின்மேலும் கன்னத்தின்மேலும் விரலால் அழுத்த வேண்டும், பிள்ளை உள்ளிருந்து நாக்கால் அழுத்த வேண்டும். பிறகு குளிர்நீர். வாயைத் திறந்தால் அது மேல்வரிசையை விட்டு விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் மறுபடி நீரில் போட்டு இன்னொரு முறை செய்யலாம். இரண்டாவது தடவையும் சரிவராவிட்டால் அளவு தவறு.

குமட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். பின்பக்கம் நீளமாக இருக்கலாம். தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குக் கத்தரியால் நறுக்கி ஓரத்தை மழுக்கிவிடலாம். அதற்கு மேல் பழக்கம்தான். என் மகளுக்கு நான் கண்டுபிடித்த வித்தை இது: கம் கார்டை மாட்டிக்கொண்டு, ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கதையை வேகமாகச் சொல்ல வேண்டும். ழகரம் படும் பாட்டில் வீடே சிரிக்கும். முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு தொலைக்காட்சி பார்க்கும்போது பத்து நிமிடம். ஒரு வாரத்தில் வாயில் ஏதோ இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோனது. கோயில் தமிழ் வகுப்பில் வராத ழகரம் இப்படி வந்ததில் எனக்கு இரட்டை லாபம்.

குளிர்நீரில் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். பிப்ரவரி டர்பன் வெயிலில் காருக்குள் விட்டால் அது கோணிக்கொள்ளும். கடித்துக் கடித்துப் பின்பகுதி தேய்ந்துபோனால் புதிது வாங்குங்கள்.

மைதானத்தில் பேரம் பேசாதீர்கள்

காலை எட்டு மணி ஆட்டம், வண்டி நிறுத்த இடமில்லை, சட்டையில் பொத்தான் இல்லை. அந்த நேரத்தில் போடு, மாட்டேன் என்று தொடங்கினால் தோற்பது நீங்கள்தான். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை இறங்கிவரமாட்டான்.

அதனால் விதியை வீட்டிலேயே, பருவம் தொடங்கும் முன்பே ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: கவசம் இருந்தால் ஆட்டம், இல்லையென்றால் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை. பிறகு அந்த விதியைக் கோச்சின் வாயிலிருந்து வரச் செய்யுங்கள். "சர், கம் கார்ட் இல்லாமல் அவனை இறக்காதீர்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்" என்று நான் நேரில் போய்ச் சொன்னேன். அம்மா பத்து முறை சொல்வதும் கோச் ஒரு முறை சொல்வதும் ஒன்றல்ல. ஒருநாள் அவன் மறந்துபோய் வந்தான். கோச் பெஞ்சில் உட்காரவைத்தார். காரில் ஒரு கூடுதல் கம் கார்ட் இருந்தது. எடுத்துத் தரக் கை துடித்தது. தரவில்லை. அந்த ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு அவன் பையை அவனே அடுக்குகிறான்.

ஆனால் ஒன்று, விதி அப்பாவுக்கும் பொருந்த வேண்டும். என் கணவர் ஞாயிறுதோறும் நண்பர்களோடு தலையில் வெறும் தொப்பியோடு கடினப் பந்தில் மட்டை பிடிப்பவர். "நாங்கள் எல்லாம் மொட்டை மாடியில் ஒன்றுமில்லாமல்தான் ஆடினோம்" என்பார். ஆடியது ரப்பர் பந்தில் என்பதைச் சொல்லமாட்டார். மகன் அதைச் சுட்டிக்காட்டிய அன்று அவரும் ஒரு ஹெல்மெட் வாங்கினார்.

"யாரும் போடுவதில்லை, அம்மா"

பத்து வயதுக்கு மேல் இந்த வசனம் வரும். பயமுறுத்தாதீர்கள். மருத்துவமனைப் படங்களைக் காட்டினால் பிள்ளை ஆட்டத்தையே வெறுப்பான், அல்லது உங்களை. ஆனால் அவன் மதிக்கும் ஆட்டக்காரருக்கு நடந்ததைச் சொல்லலாம். 147 டெஸ்ட் ஆடிய தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சர் 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டனில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் இம்ரான் தாஹிரின் சுழலுக்கு ஸ்டம்ப் அருகே நின்றார். ஹெல்மெட் இல்லை. தெறித்த பெயில்ஸ் இடது கண்ணில் பட்டது. அவருடைய கிரிக்கெட் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. வேகப்பந்துகூட இல்லை, சுழற்பந்து. பந்துகூட இல்லை, ஒரு சின்ன மரக்கட்டை. சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும் சின்னக் கீப்பருக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

டர்பனில் பிறந்த, நம் தமிழ்ப் பெயர் தாங்கிய செனுரன் முத்துசாமியின் படத்தை மகன் அறையில் ஒட்டியிருக்கிறான். 2019இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடி, முதல் விக்கெட்டாக விராட் கோலியையே எடுத்தவர். "அவர் மட்டை பிடிக்கும்போது தலையில் என்ன இருக்கிறது பார்" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் சொன்னால் அது பாடமாகிவிடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் முதல் வீட்டுக்குப் பக்கத்தில் வயதான ஓர் ஆயா இருந்தார். மகன் ஷின் பேடைக் கழற்றி எறிந்த ஒரு நாளில் அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "என் அப்பா கரும்பு வெட்டப் போகும்போது கோணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டுதான் போவார். வெட்கப்பட்டா கட்டினார்? கால் வேண்டுமே." மகன் ஒன்றும் பேசவில்லை. எறிந்ததைப் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

சைக்கிளும் சறுக்குப் பலகையும்

இந்த நாட்டில் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம், பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடில்லை. பொருத்தம் பார்ப்பது எளிது: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே ஹெல்மெட் விளிம்பு, காதுமடலின் கீழே இரண்டு வாரும் கூடி ஒரு முக்கோணம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். நெற்றி தெரிய அண்ணாந்து மாட்டியிருந்தால் முன்னால் விழும்போது அது உதவாது. ஒருமுறை பலமாக விழுந்தால் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது, பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். டர்பன் கடற்கரை நடைபாதையில் சறுக்குப் பலகை, சக்கரக் காலணி ஓட்டும் பிள்ளைக்கு ஹெல்மெட்டுக்கு அடுத்து மணிக்கட்டுக் கவசம் வாங்குங்கள். விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுவார்கள்.

கவசம் எதைச் செய்யாது

இதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். ஸ்க்ரம் கேப் காதையும் தலைத்தோலையும் சிராய்ப்பிலிருந்து காக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. தென்னாப்பிரிக்க ரக்பி வீரர் செஸ்லின் கோல்பே மாட்டுகிறார் என்பதற்காகப் பிள்ளை கேட்டால் வாங்கித் தாருங்கள், ஆனால் அதை நம்பித் தலையால் முட்டக் கூடாது. கம் கார்ட் பல்லைக் காக்கும், மூளையைக் காக்கும் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸ் 2014இல் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பந்து பட்டது அதற்குக் கீழே, கழுத்தில். அவர் உயிர் பிழைக்கவில்லை. அதன் பிறகே ஹெல்மெட்டின் பின்னால் மாட்டும் கழுத்துக் கவசம் பரவலாக வந்தது. கடினப் பந்தில் வேகப்பந்து ஆடத் தொடங்கும் வயதில் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

ரக்பியில் காப்பது கவசத்தைவிட, டாக்கிள் என்ற எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் முறையில் சரியான பயிற்சி. 2009இல் தொடங்கிய போக்ஸ்மார்ட் என்ற தேசியத் திட்டத்தின்படி ரக்பிக் கோச்சுகளும் நடுவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சிச் சான்று பெற வேண்டும். உங்கள் பிள்ளையின் கோச்சிடம் அது இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

தலையில் அடிபட்டபின் பிள்ளை விழிபிதுங்க நின்றாலோ, தள்ளாடினாலோ, ஆட்டத்தின் கணக்கை மறந்தாலோ, தலைவலி என்றாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி எப்போது ஆடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கழுத்து வலி, இரட்டையாகத் தெரிதல், கை கால் மரத்தல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள்: 10177, கைப்பேசியிலிருந்து 112. கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும்.

நிலைத்த பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்தால், வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் குளிர்நீரில் ஒரு முறை அலசி, அதே குழியில் வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். வைக்க முடியவில்லை என்றால் பாலில் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போவது நல்லது. பால் பல் என்றால் திரும்ப வைக்க வேண்டாம்; அதை நம் ஊர் வழக்கப்படி கூரை மேல் எறியுங்கள், அல்லது இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல எலி எடுத்துப்போகச் செருப்புக்குள் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு

பையை வெள்ளி இரவே அடுக்கி வாசலில் வையுங்கள். அடுக்குவது பிள்ளை, எண்ணுவது நீங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும், குடும்பப் பெயரோடு பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் அணியில் இரண்டு நாயுடு, மூன்று கவுண்டர் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து வந்ததும் பையை மூடியபடி விடாதீர்கள். டர்பனின் புழுக்கத்தில் திங்கட்கிழமைக்குள் கிளவுஸ் பூஞ்சை பிடிக்கும், நாற்றத்துக்காகவே பிள்ளை போட மறுப்பான். பேடையும் கிளவுஸையும் வெயில் நேரடியாகப் படாத காற்றில் விரித்துப் போட்டு, ஹெல்மெட்டின் உள்துணியைச் சோப்பு நீரில் துடைத்து வையுங்கள். ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்திலும் அளவு நாடாவை மறுபடி எடுங்கள். சென்ற குளிர்காலத்தில் என் மகளுக்கு ஷின் பேடு மூன்று மாதத்தில் சிறிதாகிவிட்டது. இரண்டாம் டெர்ம் நடுவிலேயே இன்னொன்று வாங்கினேன். இந்த முறையும் அவள் அளவுக்குத்தான்.